கடலுக்கும் சேர்த்துக் கட்டிய பள்ளிக்காசு

பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் படித்துப் பேர் எடுத்தவர்களின் பட்டியலைப் புரட்டினால் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை என்று பெயர்கள் வரிசையாக வரும். முதலாமவர் தமிழில் தருக்க நூல் எழுதியவர். இரண்டாமவர் 1886இல் ‘பாவலர் சரித்திர தீபகம்’ தந்தவர். மூன்றாமவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரில் ஒருவர். 1841இல் தொடங்கிய ‘உதயதாரகை’ப் பத்திரிகையின் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். பெயரைக் கேட்டால் வெள்ளைக்காரர் என்று தோன்றும். இருவரும் தமிழர்.

இந்த முன்பெயர்கள் எங்கிருந்து வந்தன? அமெரிக்க மிசனின் விடுதிப் பள்ளியில் சேர்ந்த பையனின் சோற்றுக்கும் துணிக்கும் புத்தகத்துக்கும் அமெரிக்காவில் ஒரு தேவாலயமோ, பெண்கள் சங்கமோ, தனி ஒருவரோ ஆண்டுதோறும் பணம் அனுப்பினார்கள். அனுப்பியவர்கள் தங்கள் பெயரையோ தாங்கள் மதித்த போதகர் ஒருவரின் பெயரையோ அந்தப் பையனுக்கு இடச்சொன்னார்கள். கொடுத்த காசுக்குப் பற்றுச்சீட்டுப்போல அந்தப் பெயர் பையனோடு வாழ்நாள் முழுக்க நடந்தது. சிலருடைய பேரப்பிள்ளைகளுக்கும் அது குடும்பப் பெயராகப் போய்ச் சேர்ந்தது.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக் கட்டணத்துக்கு உதவி தேடிய வரலாறு இங்கேதான் தொடங்குகிறது. தீவுப்பகுதிக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு, பழைய பெயரில் காரைதீவு எனப்பட்ட காரைநகர் ஆகிய ஊர்களின் பெற்றோர் பள்ளிக்குக் கட்டிய காசு ஒன்றென்றால், பிள்ளையைக் கடல் தாண்டி ஓரிடத்தில் தங்கவைத்துச் சோறு போட்ட செலவு இன்னொன்று. இரண்டாவது முதலாவதைப் பலமுறை மீறியது. உதவி என்று வந்த எதையும் தீவார் இந்த இரண்டாவது செலவை வைத்தே எடைபோட்டார்கள்.

அமெரிக்க மிசன் 1816இல் யாழ்ப்பாணம் வந்தது. 1823இல் வட்டுக்கோட்டையில் ஆண்களுக்கான செமினறியும் 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளியும் எழுந்தன. வட்டுக்கோட்டைக்கும் காரைதீவுக்கும் நடுவே ஆழமில்லாத கடல்தான். பரவைக்கடலுக்கு அக்கரையில், வானியலும் கணிதமும் ஆங்கிலமும் சமஸ்கிருதமும் சொல்லிக்கொடுக்கும் ஒரு பள்ளி, மூன்றுவேளைச் சோற்றையும் சேர்த்துக் கொடுத்தது. இலங்கையின் குடியேற்றச் செயலராக இருந்த எமர்சன் டெனன்ட் இந்தச் செமினறியை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டு எழுதும் அளவுக்கு அதன் படிப்பு இருந்தது.

சோறு இலவசமாக வந்ததே தவிர விலையில்லாமல் வரவில்லை. விடுதியில் எல்லாச் சாதிப் பையன்களும் ஒரே கூரையின்கீழ் உண்ண வேண்டும் என்பதை ஏற்கப் பெற்றோருக்கு மனம் வரவில்லை. தொடக்க ஆண்டுகளில் சமையல் பற்றி நடந்த வாக்குவாதங்கள் மிசனரிமாரின் குறிப்புகளில் நிறைய உண்டு. பெண்பிள்ளைகளை அனுப்புவது அதைவிடக் கடினம். உடுவிலில் படித்துக் கிறிஸ்தவரை மணக்கும் பெண்ணுக்கு மிசனே சிறு சீதனம் கொடுத்தது. படிப்புக்கு உதவித்தொகை கொடுத்ததோடு நிற்காமல் கலியாணச் செலவிலும் கைவைத்தால்தான் ஒரு தாய் தன் மகளை விடுவாள் என்று அந்த வெளியூரார் கண்டுகொண்டது கவனிக்கத்தக்கது. யாழ்ப்பாணத்துக் குடும்பக் கணக்கை அவர்கள் நன்றாகவே படித்திருந்தார்கள்.

இந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. ஆங்கிலம் படித்த பையன்கள் ஊழியத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்ற குறை மிசனின் தலைமையகம் இருந்த பொஸ்டனுக்கு எட்டியது. மிசன் சபையின் செயலர் றூஃபஸ் அண்டர்சன் நேரில் வந்து பார்த்தார். 1855இல் செமினறி மூடப்பட்டது. அக்கரையில் பணம் கொடுத்தவர்களின் நோக்கமும் இக்கரையில் பிள்ளையை அனுப்பியவர்களின் நோக்கமும் வேறுவேறாக இருந்தது அன்று வெளிப்பட்டது. பழைய மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. அவர்களே அங்கு உயர்பள்ளி ஒன்றை நடத்தினார்கள். 1872இல் அதே மண்ணில் யாழ்ப்பாணக் கல்லூரி உருவானது. இம்முறை கட்டணம் கட்டிப் படிக்கும் கல்லூரி.

கட்டணம் என்ற சொல் தீவுக்குள் எப்படி இறங்கியது என்பதை உணர அங்கத்தைய வருமானத்தைப் பார்க்க வேண்டும். வேலணையிலும் புங்குடுதீவிலும் புகையிலைத் தோட்டம்; காசு வருவது அறுவடை முடிந்து, பாடம் போட்டு, விற்ற பிறகுதான். நெடுந்தீவில் பனையும் கால்நடையும். கரையோரக் குடிகளுக்கு மீன். சோளகம் எழுந்தால் பல நாள் வள்ளம் கரையில் கிடக்கும். ஊர்காவற்றுறை பெரிய துறைமுகமாக இருந்த காலத்தில் பாய்க்கப்பல் ஓட்டமும் சுங்க வேலையும் சில குடும்பங்களை வாழவைத்தன. எந்தத் தொழிலிலும் மாதம் பிறந்தால் காசு என்ற வழக்கம் இல்லை. பள்ளிக்கூடமோ மாதக் கட்டணம் கேட்டது. ஆண்டுக் கணக்கில் சமாளிக்கக் கூடிய குடும்பங்கூட மாதக் கணக்கில் முறிந்துபோகும். அந்த இடைவெளியை அடைக்கத்தான் காணியை ஒற்றி வைத்தார்கள், நகையை அடகு வைத்தார்கள், சீட்டுப் பிடித்தார்கள். யாழ்ப்பாணத்தாரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில் ஒற்றிக்கு விரிவான இடம் இருப்பதற்கு ஏற்றாற்போல, யாழ்ப்பாணத்துப் பழைய உறுதிகள் பலவற்றின் பின்னால் ஒரு பிள்ளையின் படிப்பு இருந்தது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லாப் பள்ளியும் காசு கேட்கவில்லை. 1869இல் பொதுக்கல்வித் திணைக்களம் தோன்றி, உதவி நன்கொடை முறை வந்தபின், சமயச் சபைகள் ஊருக்கு ஊர் தமிழ்ப் பள்ளிகளைத் திறந்தன. பரீட்சையில் எத்தனை பிள்ளைகள் தேறினார்களோ அதற்கேற்ப அரசு நன்கொடை கொடுத்தது. அப்பள்ளிகளில் பெற்றோர் காசு கட்டத் தேவையில்லை. கட்டணம் இருந்தது ஆங்கிலப் பள்ளியில். கச்சேரியில் கிளாக்கர் வேலை, புகையிரதப் பகுதியில் வேலை, வழக்கறிஞர் தொழில், வைத்தியம் எல்லாம் ஆங்கிலத்தின் பின்னால் நின்றன. தமிழில் ஐந்தாம் வகுப்புவரை தீவுக்குள்ளேயே படித்த பிள்ளைக்கு அதன்பின் இரண்டு வழி: கட்டணமும் கடலும் தாண்டுவது, அல்லது தகப்பனோடு தோட்டத்துக்கும் தொழிலுக்கும் போவது.

சைவர்களுக்கு இன்னொரு தடையும் இருந்தது. உதவி வேண்டுமானால் பெரும்பாலும் மிசனிடம் போக வேண்டும். மிசனிடம் போனால் வேதப்பாடம். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியது இதற்கு மறுமொழியாகத்தான். பள்ளியை நடத்த வீடுவீடாகப் பிடியரிசி தண்டும் வழக்கம் அக்காலத்தில் வேரூன்றியது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பாள் வீட்டுப் பெண். கிழமைக்கு ஒருநாள் தண்டுகிறவர் வந்து கொண்டுபோவார். காசே இல்லாத வீடும் பள்ளிக்குக் கொடுக்கக் கூடிய முறை அது. கொடுத்த குடும்பம் யாரிடமும் கைநீட்டவில்லை. பெற்ற பள்ளியும் எவருடைய பெயரையும் பிள்ளைக்கு இடவில்லை. இந்த மண்ணில் தோன்றிய கல்வி உதவிகளில் இதைவிடக் கண்ணியமானது இன்னும் வரவில்லை.

ஆனால் அரிசியால் தமிழ்ப் பள்ளியை நடத்தலாம். ஆங்கிலப் பள்ளியை நடத்த முடியவில்லை. நாவலர் 1872இல் திறந்த ஆங்கிலப் பள்ளி பணமின்றிச் சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று. அவர் காலமான பின் 1888இல் தோன்றிய சைவபரிபாலன சபைதான் அந்தக் கனவை மறுபடி கையிலெடுத்தது. 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி அச்சபையின் கைக்கு வந்து நிலைபெற்றது. காரைநகரிலும் அந்த ஆண்டுகளிலேயே இந்து ஆங்கிலப் பள்ளி வேர்விட்டது. தீவொன்றுக்குள்ளேயே ஆங்கிலம் படிக்கலாம் என்றதும் கட்டணம் இருந்தாலும் கடற்செலவு ஒழிந்தது. ஊர் மக்கள் அந்தப் பள்ளிக்குக் காணியும் பணமும் கொடுக்க முன்வந்ததன் காரணம் சமயப் பற்று மட்டுமன்று, வீட்டுக் கணக்கும்தான்.

1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் பிறந்தது. ஊரார் வாயில் அது ‘இந்துபோட்’. அதை முன்னின்று நடத்திய சு. இராசரத்தினம், வழக்கறிஞர் தொழிலில் சம்பாதித்ததையும் அதற்குள் போட்டவர். ‘இந்துபோட் இராசரத்தினம்’ என்ற பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. தீவுகள் உட்பட யாழ்ப்பாணம் எங்கும் சங்கத்தின் பள்ளிகள் பரவின. திருநெல்வேலியில் சங்கம் நடத்திய அநாதை விடுதியில் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் உண்டு உறங்கிப் படித்தார்கள். சைவ ஆசிரியர்களைப் பயிற்றும் கல்லூரியும் உண்டானது. மதம் மாறாமல் ஆசிரியத் தராதரம் பெற வழி வேண்டும் என்று அதற்கு முன்பே ஊர் ஊராக அலைந்து பேசியவர் காரைநகர் அருணாசல உபாத்தியாயர். 1920இல் அவர் மறைந்தபோது அந்த வேலை பாதியில் நின்றது. இராசரத்தினம் அதைத் தொடர்ந்தார்.

சபைகளும் சங்கங்களும் ஒருபுறம் இருக்க, நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளாகத் தீவுப் பிள்ளைகளை அதிகமாகப் படிப்பித்த நிறுவனம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அது சொந்தக்காரர் வீடு. ‘வண்ணார்பண்ணையில் பெரியம்மா வீட்டில் நின்று படிச்சவன்’, ‘மாமா வீட்டில் நின்று படிச்சவள்’ என்ற பேச்சைத் தீவார் வாயில் இன்றும் கேட்கலாம். பள்ளி தொடங்கும் நாளில் பிள்ளையோடு ஒரு கடகமும் ஓர் உமலும் போகும். உமலுக்குள் பனங்கட்டி, ஒடியல், புழுக்கொடியல், கருவாடு. காலத்துக்கு ஏற்பத் தோட்டத்து வெங்காயம். காசாகக் கொடுக்க முடியாததைத் தாய் பொருளாகக் கொடுத்தனுப்பினாள். வாங்கிய வீட்டுக்காரி ‘இதெல்லாம் ஏன்’ என்பாள், ஆனால் வாங்கிக்கொள்வாள். விடுமுறைக்கு ஊர் திரும்பும் பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வள்ளம் ஏறும். கணக்கு எழுதப்படாத கடன் அது. பிற்காலத்தில் படித்து உத்தியோகம் பார்த்தவன், தான் நின்று படித்த வீட்டின் பேரப்பிள்ளையைத் தன் வீட்டில் நிறுத்திப் படிப்பித்து அதை அடைத்தான்.

அந்தப் பிள்ளைக்கு அங்கே சுகம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கிணற்றில் தண்ணீர் அள்ளுவது, மாட்டுக்கு வைக்கோல் போடுவது, கடைக்கு ஓடுவது எல்லாம் ‘நிற்கிற பிள்ளை’யின் தலையில்தான் விழும். அந்த வேலையையும் கல்விச் செலவில் சேர்த்தே எண்ண வேண்டும்.

மற்றொரு வழி கடை. புங்குடுதீவாரும் காரைநகராரும் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் வைத்திருந்த மளிகைக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் பேர்பெற்றவை. ஊரில் ஒரு வீட்டில் மூன்று ஆண்பிள்ளைகள் என்றால் மூத்தவன் பதின்மூன்று பதினாலு வயதில் உறவினர் கடைக்கு நிற்கப் போவான். அவன் அனுப்பும் காசில் இளையவன் படிப்பான். தீவுப்பகுதியின் முதல் தலைமுறை ஆசிரியர், கிளாக்கர், வைத்தியர் பலருக்குப் பின்னால் படிக்காத அண்ணன் ஒருவன் கல்லாப்பெட்டிக்கு அருகில் நின்றான். அதேபோல் மலாயாவுக்குப் போனவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு புகையிரதப் பாதை போட்டபோது ஆங்கிலம் தெரிந்த யாழ்ப்பாணத்தார் சாரிசாரியாகக் கப்பலேறினார்கள். சிங்கப்பூர், கோலாலம்பூரிலிருந்து வந்த காசுக்கட்டளைகள் ஊரில் கல்வீடுகளாகவும் கோயில் மண்டபங்களாகவும் மட்டும் மாறவில்லை. தம்பி தங்கை, மருமக்களின் பள்ளிக் கட்டணமாகவும் மாறின.

இந்த வழிகள் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. நின்று படிக்க ஒரு வீடு வேண்டும். பட்டினத்தில் அப்படி ஒரு வீடு வைத்திருக்கும் உறவு வேண்டும். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைக்கு அந்த உறவு கிடையாது. சாதி பார்த்த பள்ளிகளில் பிள்ளையைச் சேர்த்தாலும் வாங்கில் இருக்க விடாமல் நிலத்தில் இருத்திய காலம் உண்டு. 1920களின் இறுதியில் அரசின் உதவி பெறும் பள்ளிகளில் சம ஆசனம் வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, அதை எதிர்த்துக் குடாநாட்டில் சில பள்ளிக் கொட்டில்களுக்குத் தீ வைத்தார்கள். இந்தப் பிள்ளைகளுக்குக் கட்டணத்தைவிடப் பெரிய தடை அந்த வாங்குதான். மிசன் பள்ளியை வேதப்பாடத்துக்காகக் குறை சொன்னவர்களில் பலர் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

கத்தோலிக்கர் நிறைந்த ஊர்காவற்றுறையில் படிப்பின் பாதை கோயிலோடு சேர்ந்து போயிற்று. அமலமரித் தியாகிகள் சபைக் குருமார் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். பட்டினத்தில் 1850இல் தொடங்கிய பள்ளியே பிறகு புனித பத்திரிசியார் கல்லூரி ஆனது. தீவில் புனித அந்தோனியார் கல்லூரி. இரண்டுக்கும் இடையிலான பாதையில் நடந்த பிள்ளைகளில் உலகம் அறிந்தவர் சேவியர் தனிநாயகம் அடிகளார். 1913இல் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில் பிறந்தவர். ஊர்காவற்றுறை அந்தோனியாரில் தொடங்கி யாழ்ப்பாணம் பத்திரிசியாரில் படித்து, கொழும்பில் குருமடம் சேர்ந்தார். 1934இல் ரோமாபுரி போனார். அங்கே அவர் சேர்ந்தது, மறைபரப்பு நாடுகளிலிருந்து வரும் குருமாணவர்களைப் பயிற்றுவிப்பதற்கென்று 1627இல் எட்டாம் ஊர்பன் பாப்பரசர் நிறுவிய கல்லூரி. கரம்பனில் பிறந்த பிள்ளை கடல்கள் பல தாண்டிப் படிக்கத் திருச்சபை வழி திறந்தது. அதற்கு ஈடாக அவர் தம் வாழ்வைத் துறவுக்குக் கொடுத்தார். 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை அவர் கூட்டியபோது தமிழுலகமே அந்த முதலீட்டின் பயனைப் பெற்றது.

காசு கட்டினால்தான் ஆங்கிலப் படிப்பு என்ற நிலையை அடியோடு மாற்றியவர் தென்னிலங்கைக்காரர் ஒருவர். கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தாமே உதவிப் பணத்தில் படித்த பிள்ளை. அம்பலாங்கொடையில் வசதியற்ற குடும்பத்துப் பையனாக இருந்தவரின் திறமையைக் கண்டு காலி ரிச்மண்ட் கல்லூரி அதிபர் டரல் பாதிரியார் அவரைப் புலமைப்பரிசிலோடு சேர்த்துக்கொண்டார். ஓர் அதிபரின் கண்ணில் படுகிற அதிர்ஷ்டம் எல்லாப் பிள்ளைக்கும் வாய்க்காது என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். அவர் தலைமையில் இயங்கிய சிறப்புக் குழு 1943இல் அறிக்கை தந்தது: பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம்வரை கட்டணம் கூடாது. அரசாங்க சபையில் நீண்ட வாதம் நடந்தது. கட்டணப் பள்ளிகளை நடத்திய சமயச் சபைகள் கவலை தெரிவித்தன. 1945 ஒக்டோபர் 1இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது.

அந்த வாதங்கள் நடந்தபோது சபாநாயகர் ஆசனத்தில் இருந்தவர் வேலணையைச் சேர்ந்த சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி. ஊர்காவற்றுறைத் தொகுதியின் உறுப்பினர். 1936 முதல் 1947வரை அரசாங்க சபையின் சபாநாயகர். சபாநாயகர் வாதத்தில் கலந்துகொள்வதில்லை. ஆனாலும் கட்டணமும் கடலும் சேர்ந்து எத்தனை பிள்ளைகளைத் தோட்டத்துக்குத் திருப்பி அனுப்பின என்பதைச் சொந்த ஊரில் கண்ட ஒருவர் அந்த ஆசனத்தில் இருந்தார் என்பது தீவார் மறக்காத செய்தி.

கட்டணம் போயிற்று. கடல் அங்கேயே கிடந்தது. பட்டினத்தில் இலவசமாகப் படிக்கலாம் என்றால் பட்டினத்தில் எங்கே படுப்பது? இதற்குக் கன்னங்கராவின் திட்டத்திலேயே மறுமொழி இருந்தது. அதைத்தான் தீவுப்பகுதி அதிகம் வாழ்த்த வேண்டும். கிராமப்புறங்களில் விடுதியோடு கூடிய மத்திய கல்லூரிகளை அவர் திறந்தார். அவை நாடெங்கும் ஐம்பதுக்கு மேல் பெருகின. ஐந்தாம் வகுப்பில் ஒரு பரீட்சை. அதில் தேறும் பிள்ளைக்கு அங்கே படிப்போடு இருப்பிடமும் சாப்பாடும் இலவசம். தீவுப்பகுதிக்கு வேலணையில் மத்திய கல்லூரி வந்தது. பின்னாளில் அது சேர் வைத்திலிங்கம் துரைசுவாமியின் பெயரைப் பெற்றது. அமெரிக்க மிசன் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் கொடுத்த சோறும் பாயும் மீண்டும் வந்தன. இம்முறை கொடுத்தது அரசு; மதம் கேட்கவில்லை, பெயர் மாற்றவில்லை, சொந்தக்காரர் வீட்டு மாட்டுக்கு வைக்கோல் போடவும் சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் காமராசர் 1950களின் நடுவில் மதிய உணவுத் திட்டத்தைப் பரப்பியபோது பிடித்த நாடியும் இதுதான். பள்ளிக் கட்டணம் இல்லை என்று சொன்னால் மட்டும் ஏழைப் பிள்ளை வந்துவிடுவதில்லை. வயிறும் வழியும் சேர்ந்து தீர வேண்டும்.

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடைப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்றது. இந்துபோட் பள்ளிகள் அரசின் கைக்குப் போயின. பெரிய கல்லூரிகள் சிலவற்றுக்குத் தனியார் பள்ளியாகத் தொடரும் தெரிவு கொடுக்கப்பட்டது. கட்டணம் அறவிடக் கூடாது, அரசின் உதவியும் கிடையாது என்ற கடும் நிபந்தனையோடு. யாழ்ப்பாணத்தில் புனித பத்திரிசியார், யாழ்ப்பாணக் கல்லூரி, பரியோவான், சுண்டுக்குளி மகளிர், உடுவில் மகளிர் ஆகியவை அந்தத் தெரிவை எடுத்தன. காணி வருமானம், பழைய மாணவர் நன்கொடை, வெளிநாட்டுத் திருச்சபைகளின் உதவி ஆகியவற்றில் அவை தத்தளித்து ஓடின. ஆசிரியர் சம்பளத்தை அரசு ஏற்றது பிற்பாடு. இன்றும் இப்பள்ளிகளில் வசதிக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் உண்டு. ஆகவே தீவுப் பெற்றோர் உதவி தேடும் இடங்களில் அவையும் இருக்கின்றன.

பிறகு போர். 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து வந்த ‘குமுதினி’ப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். பட்டினத்துக்குப் போய்வரும் அந்தக் கடல்வழியே அச்சமாக மாறியது. 1990 ஓகஸ்டிலும் 1991 ஒக்டோபரிலும் நடந்த படை நடவடிக்கைகளோடு தீவுப்பகுதியின் பெரும்பகுதி வெறிச்சோடியது. பள்ளிகள் பட்டினத்திலும் வலிகாமத்திலும் இரவல் கட்டடங்களில், மாலை வேளைகளில் நடந்தன. பல குடும்பங்கள் திரும்பவே இல்லை; கொழும்பு, தமிழ்நாடு, பின் பாரிஸ், சூரிச், லண்டன், ரொறொன்ரோ என்று போய்விட்டன.

போனவர்கள் முதலில் சங்கம் கட்டினார்கள். கனடா காரை கலாசார மன்றம், பிரித்தானியா காரை நலன்புரிச் சங்கம், சுவிஸ் காரை அபிவிருத்திச் சபை என்று ஓர் ஊருக்கே நாட்டுக்கொன்று. புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு, நெடுந்தீவு மக்களுக்கும் அப்படியே. ஒன்றுகூடலிலும் கலைவிழாவிலும் சேரும் பணத்தில் ஒரு பங்கு ஊர்ப் பள்ளிக்குப் போகிறது. ஒரு நூற்றாண்டுக்கு முன் மலாயாக் காசு வந்த வழியில் இப்போது பவுணும் பிராங்கும் டொலரும் வருகின்றன.

இந்த உதவி இயங்கும் விதம் ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான். அதிபர் பிள்ளையின் பெயரைச் சிபாரிசு செய்வார். கிராம சேவையாளர் குடும்ப நிலைக்குக் கடிதம் கொடுப்பார். பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு திறந்து மாதாமாதம் பணம் போடுவார்கள். அல்லது வங்கியில் ஒரு தொகையை நிலையான வைப்பில் இட்டு வட்டியை மட்டும் பள்ளி எடுக்கும். வைப்பு முறை பணம் கொடுத்தவர் மறைந்த பின்னும் நிற்கும் என்பதால் பலரும் அதை விரும்புகிறார்கள். தாய் தகப்பனின் நினைவாக ஒரு வைப்பு. பரிசளிப்பு விழாவில் அவர்கள் பெயரை வாசிப்பார்கள். ஆனால் ரூபாய் சரிந்து விலைவாசி ஏறும்போது வட்டி அப்படியே நிற்கிறது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் ஒரு கொப்பிக் கட்டின் விலையைக் கண்டு தீவுத் தாய்மார் திகைத்து நின்றார்கள். பல ஆண்டுகளுக்கு முன் நிறைவாகத் தெரிந்த தொகை அன்று பேனைக்கும் கொப்பிக்குமே போதவில்லை. வைப்பிட்டவர்கள் சில ஆண்டுக்கொருமுறை தொகையைக் கூட்டாவிட்டால் பெயர்ப்பலகை மட்டும்தான் மிஞ்சும்.

இன்னொரு பக்கம், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை தன் பிறவி நோக்கத்திலிருந்து விலகிப்போய்விட்டது. கிராமத்துப் பிள்ளைக்கு விடுதி கொடுக்கப் பிறந்த பரீட்சை இன்று பட்டினத்துப் பெரிய பள்ளியின் கதவாகப் பார்க்கப்படுகிறது. அதற்கென்று ரியூசன், மாதிரி வினாத்தாள், பெற்றோரின் பதற்றம். தீவில் தேறும் கெட்டிக்காரப் பிள்ளை பட்டினத்துக்குப் போகிறது. குடும்பமும் பின்னாலேயே வாடகை வீடு தேடிப் போகிறது. வெளிநாட்டுக் காசில் நல்ல கட்டடம் எழும்பிய தீவுப் பள்ளியில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைகிறது. அதிகப் பணம் வரும் காலத்தில் குறைந்த பிள்ளைகள் இருப்பது இந்த வரலாற்றின் வலிக்கும் இடம்.

இருக்கும் பிள்ளைகளின் கணக்கோ பழைய கணக்கேதான். புங்குடுதீவுக்கு வேலணையோடு தரைவழி உண்டு. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே ‘பாதை’ எனப்படும் மிதவை ஓடுகிறது. நயினாதீவார் குறிகட்டுவானுக்குச் சிறிது நேரத்தில் வந்துவிடலாம். நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடல். ‘குமுதினி’யும் ‘வடதாரகை’யும் 2017இல் அவுஸ்திரேலிய உதவியோடு வந்த ‘நெடுந்தாரகை’யும் ஓடிய கடல் அது. கடற்காற்று பலத்தால் சேவை நிற்கும். நின்றால் ஆசிரியரும் வரமாட்டார். உயர்தரத்தில் கணிதமோ விஞ்ஞானமோ எடுக்க விரும்பும் நெடுந்தீவுப் பிள்ளை பெரும்பாலும் பட்டினத்தில் தங்கியே ஆக வேண்டும். விடுதிக் கட்டணம், ரியூசன் காசு, கிழமை முடிவில் வந்துபோகும் பஸ், படகுச் செலவு எல்லாம் சேரும்போது ‘இலவசக் கல்வி’ என்ற சொல் அந்த வீட்டில் நகைப்பையோ கண்ணீரையோதான் வரவழைக்கும்.

ஆகவே இன்று உதவி செய்ய விரும்பும் சங்கங்களிடம் தீவுப்பகுதி அதிபர்மார் வைக்கும் கோரிக்கைகளில் இரண்டு முன்னிற்கின்றன. ஒன்று, தீவுக்குள்ளேயே கணித, விஞ்ஞான ஆசிரியர்கள் தங்கிப் படிப்பிக்க விடுதியும் ஊக்கப்படியும். மற்றது, உயர்தரத்துக்குப் பட்டினம் போகும் பிள்ளைக்கு இரண்டு வருட இருப்பிடமும் சாப்பாடும். சில சங்கங்கள் ரியூசன் ஆசிரியரின் சம்பளத்தை ஏற்கத் தொடங்கியிருக்கின்றன. பெண்பிள்ளையைத் தனியே பட்டினத்தில் விடத் தயங்கும் பெற்றோருக்காகப் பாதுகாப்பான விடுதியும் தேவைப்படுகிறது. 1824இல் உடுவில் விடுதியை நடத்தியவர்கள் எதிர்கொண்ட அதே தயக்கம்தான் அது. கட்டடத்துக்கும் நுழைவாயில் வளைவுக்கும் கொடுப்பவர்கள் கிடைக்கிறார்கள். இரண்டு வருடச் சோற்றுக்கும் பாய்க்கும் கொடுப்பவர்களைத்தான் அதிபர்மார் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.